ஏசியில் தூங்கிய விதைநெல்

புதிதாகக் குளிர்பதனக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். அதன் திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்களில் எழுதத் தெரிந்தவர்கள் பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டார்கள், இல்லாவிட்டால் ஒரேயடியாகவே போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவன் நான். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒன்பதாவது படித்தவனுக்குச் சமம்.

இப்போது கிடங்குப் பொறுப்பில் இருக்கும் தம்பி வீடு தேடி வந்து, விதையைச் சேமித்து வைத்த அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார். எழுந்து செருப்பை மாட்டும்போது, "குளிர் அறையோட பெருமைய நாலு வார்த்த சேத்து எழுதிடுங்க ஐயா" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது என்று அப்போதே புரிந்தது. தெரிந்திருந்தால் குளிர் அறையின் பெருமையை என்னிடம் கேட்டிருக்க மாட்டார். நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்தில் எனக்கு இன்றைக்கும் 'ஏசி' என்றுதான் பெயர். அந்தப் பெயர் வந்த கதையை நான் சொல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்வார்கள், அதுவும் என்னைவிடச் சுவையாகச் சொல்வார்கள். அதனால் முந்திக்கொள்கிறேன்.

முதலில் என் பெருமை. என் சர்வீஸ் காலத்தில் இந்த வட்டாரத்தில் பச்சையாகத் தெரிந்த வயலில் பாதி, என் கைபட்ட விதையில் வந்தது. மீதிப் பாதி களை. அதிலும் எனக்குப் பங்கு உண்டு.

நான் தொழில் தொடங்கியது விதையில் அல்ல, விதையின் எதிரி வீட்டில். மரைக்காயர் ஒருவரின் நெல் அவிக்கும் மில்லில் மூட்டை தூக்கினேன். அவித்த நெல் ஆயுளுக்கும் முளைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து அரசாங்க விதைக் கிடங்குக்குத் தினக்கூலியாக வந்தேன். மூட்டை தூக்கினேன், கூட்டினேன், அடுக்கினேன், சாக்குத் தைத்தேன். நிரந்தரம் ஆனேன். கடைசியில் கிடங்குக் காப்பாளர் ஆனேன். சிபாரிசு கிடையாது, படிப்பு கிடையாது, முழுக்க என் திறமை. எனக்கு முன்னால் வரிசையில் இருந்தவருக்கு மூட்டுவலி வந்ததையும் திறமைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறேன்.

அந்தத் திறமைகளில் முதலாவது என் பல். நெல்லை ஒன்று எடுத்துக் கடித்தால் ஈரம் சொல்லிவிடுவேன். 'டக்' என்று உடைந்தால் காய்ச்சல் போதும். 'நச்' என்று நசுங்கினால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். ஈரம் பார்க்கும் கருவி வந்தபோது அதனோடு போட்டிக்கு நின்றேன். முதலில் நான் சொல்வேன், பிறகு கருவி சொல்லும். பெரும்பாலும் நான் சொன்னதையே அதுவும் சொல்லும். என்னிடம் பாடம் கேட்ட கருவி என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நெல்லோடு கிடந்த கல்லைக் கடித்தேன். அதற்குப் பிறகு கருவிக்குப் பேட்டரி மாற்றினார்கள், எனக்குப் பல் மாற்றினார்கள். இந்தப் புதுப் பல்லுக்கு ஈரமும் தெரியாது, காய்ச்சலும் தெரியாது. முறுக்கைக் கண்டால் பயம் மட்டும் தெரியும்.

இரண்டாவது பாடம் உளுந்தில் கிடைத்தது. தை மாதம் தாளடி நெல் நிற்கும் வயலில் தெளிப்பதற்கென்று வாங்கி வைத்த உளுந்து. கிடங்குக்குள் புழுக்கமாக இருக்கிறதே, நமக்கே மூச்சு முட்டுகிறதே, விதைக்கு மட்டும் முட்டாதா என்று நினைத்து, கடலோரக் கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் பார்த்த சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். கடல்காற்று ஜிலுஜிலு என்று வந்தது. எனக்குச் சுகமாக இருந்தது. உளுந்துக்கும் சுகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். காற்றிலிருந்த ஈரத்தை எல்லாம் குடித்து, மழைக்காலத்து அப்பளம் மாதிரி நமுத்துப்போய், பூசண வாடை அடித்தது. பரிசோதனைக்குப் போட்டதில் பாதி முளைக்கவில்லை. அப்போதிருந்த அதிகாரி கத்துகிற மனிதர். "ஏன்யா, வெத என்ன கடக்கரைக்குக் காத்து வாங்கவா வந்துருக்கு?" என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

அதிலிருந்து கற்றுக்கொண்டேன். சாக்கைத் தரையில் வைக்காதே, சுவரில் சாய்க்காதே, கடல்காற்றை உள்ளே விடாதே. ஈரமும் வெப்பமும்தான் விதைக்கு எமன். இது சத்தியமான பாடம். ஆனால் பாதிப் பாடம். அறுத்து வந்த புது விதைக்கு வேறு கணக்கு உண்டு என்கிற மீதிப் பாதியை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வந்தவர்களையும் நான் பேசவிட்டிருக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணவேணி மேடம் விதைப் பரிசோதனை அதிகாரியாக வந்தார். புதுச்சேரிக்காரர். கத்தமாட்டார். அவர் குரல் எவ்வளவு சன்னம் என்றால், எதிரில் இருப்பவர் வாயை மூடினால்தான் கேட்கும். எனக்கு அது பெரிய தண்டனை. அவர் ஒன்று சொல்லத் தொடங்குவார், நான் நடுவில் புகுந்து என் அனுபவத்தைச் சொல்வேன், அவர் நிறுத்திக்கொள்வார். நான் முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து அதே குரலில் தொடர்வார். ஒரு மாதத்தில் நான் பாதியாகக் குறைந்தேன், பேச்சில்.

அவர் முளைப்புப் பரிசோதனை செய்வதைப் பார்க்க வேண்டும். மூட்டைக்குள் குத்தூசியை விட்டு மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்திலும் மாதிரி எடுக்கச் சொல்வார். எல்லாவற்றையும் கொட்டிக் கலந்து, பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கி, அதிலிருந்து நானூறு விதையை எண்ணுவார். நல்லதாகப் பொறுக்கக்கூடாது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மாதிரி இருக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த தடித்த தாளில் வரிசையாக அடுக்கி, மேலே இன்னொரு தாள் மூடி, பாய் மாதிரிச் சுருட்டி நிற்க வைப்பார். ஐந்தாம் நாள் முதல் பார்வை. பதினாலாம் நாள் கடைசிப் பார்வை. முளைத்ததை எண்ணுவதோடு விடமாட்டார். முளைக்காதது ஏன் முளைக்கவில்லை என்று ஒவ்வொன்றையும் விசாரிப்பார். இடுக்கி கையில் அகப்படாவிட்டால் கொண்டையிலிருந்து ஊசியை உருவி அதனாலேயே புரட்டுவார். முளைக்காத விதையைப் பார்த்து அவர் நின்ற நேரத்தில் நான் ஒரு லாரி இறக்கிவிடுவேன்.

அவர் வந்த பிறகுதான் எங்களுக்குக் குளிர் அறை வந்தது. படுக்கையறை அளவுதான் இருக்கும். ஆனால் கதவு, நகைக்கடைப் பெட்டகம் மாதிரி கனம். உள்ளே ஈரமும் கிடையாது, வெப்பமும் கிடையாது. எனக்குத் தெரிந்த இரண்டு எமன்களையும் வெளியே நிறுத்திப் பூட்டிய அறை. சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். சித்திரை வெயிலில் உறவினர்கள் வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அந்த அறைக்குள் அழைத்துப்போய் நிற்க வைப்பேன். என் வீட்டுக்காரி ஒரு தூக்கில் மோர் கொடுத்தனுப்பினால், அதுவும் விதைப் பொட்டலங்களோடு உள்ளே இருக்கும். ஒரு நாள் மேடம் அலமாரியைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். தூக்குக்கு முன்னால் நின்றார். மூடியைத் திறந்து பார்த்தார்.

"இது எந்த ரகம்?" என்று கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டதால் தெளிவாகக் கேட்டது.

அந்த அறை பழைய விதைக்கு. போன பருவத்து விதை அடுத்த பருவம்வரை கெடாமல் இருக்க, ஆதார விதைப் பொட்டலங்கள் பல வருஷம் தாங்க. புதிதாக அறுத்து வரும் நெல் சாதாரணக் கிடங்கில் கிடக்க வேண்டும் என்பது மேடம் போட்ட விதி. காரணத்தை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கதவின் கனத்தை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் குறுவை அறுவடை முடிந்தது. மேடம் புதுச்சேரியில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தார். அப்போதுதான் செண்பகவல்லி விதைநெல் கொண்டுவந்தாள். நெடுங்காடு பக்கம் எங்களுக்காக விதைப்பண்ணை போட்டவள். என் வீட்டுக்காரிக்குப் பிறந்த ஊர்க்காரி, அதனால் என்னை அண்ணே என்பாள். வயலில் வேறு ரகத்துக் கலவன் கதிர் ஒன்று நின்றாலும் தானே இறங்கிப் பிடுங்குகிறவள். நெல் தங்கமாக இருந்தது. சுத்தம் செய்யும் இயந்திரத்தில் விட்டுச் சலித்து எடுத்தபோது இருபது மூட்டை நின்றது. இந்த மாதிரி நெல்லைச் சாதாரணக் கிடங்கில் போட எனக்கு மனசு வரவில்லை. விருந்தாளியைத் தகரக் கொட்டகையில் படுக்க வைப்போமா?

"தங்கச்சி, ஒன் நெல்லு எங்க இருக்கப்போவுது தெரியுமா? ஏசில" என்றேன்.

"நெல்லுக்கு எதுக்குண்ணே ஏசி?"

"கலெக்டரு ரூமுக்கு எதுக்கு? அதுக்குத்தான்."

பொட்டலங்களை எல்லாம் ஓரம் தள்ளி, இருபது மூட்டையையும் உள்ளே அடுக்கினேன். சலித்துக் கழித்த கருக்காய், குட்டை நெல், குதிரைவாலிக் களை விதை, காட்டுநெல், கோரை விதை எல்லாவற்றையும் வாரி, கொல்லைப்பக்கத் தகரக் கொட்டகையில் கொட்டச் சொன்னேன். வெயில் ஏறினால் அந்தத் தகரத்துக்குக் கீழே நாய்கூடப் படுக்காது. குப்பைக்கு அது போதும் என்று நினைத்தேன்.

ஐப்பசித் தொடக்கத்திலேயே மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்தால் பரவாயில்லை, விடாமல் பெய்தது. வடிகால் நிரம்பி நெடுங்காடு பக்கம் சம்பாப் பயிர் முழுக்க மூழ்கியது. தண்ணீர் வடிந்தபோது பயிர் வேரோடு அழுகிக் கிடந்தது. மறுபடி நீண்ட நாள் நெல் விதைக்கப் பருவம் இல்லை. குறுகிய நாள் ரகம்தான் போட முடியும். அந்த விதை கையிருப்பில் இருந்தது எங்களிடம் மட்டும், அதுவும் செண்பகவல்லி கொடுத்த இருபது மூட்டைதான். அவள் தெரு முழுக்க அதைத்தான் நம்பியிருந்தது. கார்த்திகை பாதிக்குள் விதைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் தரிசு.

மேடம் திரும்பி வந்திருந்தார். கொடுப்பதற்கு முன்னால் பரிசோதனை வேண்டும் என்றார். நான் சிரித்தேன். ஏசியில் இருந்த விதைக்கு என்ன பரிசோதனை? நூற்றுக்கு நூறு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்து, "குத்தூசி எங்க?" என்றார்.

ஐந்தாம் நாள் சுருளைப் பிரித்தார்கள். செண்பகவல்லியும் வந்திருந்தாள். தாள் முழுக்க நெல், போட்ட மாதிரியே படுத்திருந்தது. அங்கொன்று இங்கொன்றாக ஒரு முளை. வழுக்கைத் தலையில் முடி எண்ணுகிற மாதிரி எண்ண வேண்டியிருந்தது. நான் இரண்டாவது சுருளைப் பிரித்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதைப் பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

செண்பகவல்லி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் நெல்லு செத்துப்போச்சாண்ணே?" என்று கேட்டாள். நான் மூன்றாவது சுருளை எடுத்து அவள் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

மேடம் கொண்டை ஊசியை உருவினார். முளைக்காத நெல் ஒன்றை அழுத்தினார். இன்னொன்றை அழுத்தினார். "செத்த வெதைய அழுத்துனா கஞ்சி மாதிரி பிதுங்கும். இது கல்லு மாதிரி இருக்குது. இந்த லாட்ட எங்க வச்சிருந்தீங்க?" என்றார்.

சொன்னேன். அவர் ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டார், அவ்வளவுதான். அதுதான் தாங்கவில்லை. பழைய அதிகாரியாக இருந்தால் தெருமுனை வரைக்கும் கத்தியிருப்பார், எனக்கும் பதிலுக்கு முணுமுணுக்க ஏதாவது கிடைத்திருக்கும்.

அங்கே நிற்க முடியாமல் கொல்லைப்பக்கம் போனேன். யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. தகரக் கொட்டகையில் நான் கொட்டச் சொன்ன குப்பை, மழை ஒழுகி நனைந்து, நாற்றங்கால் மாதிரி பச்சைப்பசேல் என்று நின்றது. குதிரைவாலி, காட்டுநெல், கோரை எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு முளைத்திருந்தன. கூட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டு, குப்பையை இப்படியா முளைக்க விடுவது என்று சத்தம் போட்டேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மேடம் வந்தார். ஆகவே, கண்டுபிடித்தது அவர் என்றாலும் காரணம் நான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவர் குனிந்து பச்சையைப் பிரித்தார். களைக்கு நடுவில் நெல்லும் முளைத்திருந்தது. ஒரு முளையைப் பிடுங்கி, அடியில் ஒட்டியிருந்த உமியைப் பார்த்தார். இயந்திரத்தில் கடைசியாகச் சலித்தது செண்பகவல்லியின் நெல். சல்லடையில் விழுந்த அவளுடைய குட்டை நெல்தான் அது.

"ஒரே வயலு. ஒரே அறுவட. நீங்க தூக்கிப் போட்டது எந்திரிச்சிருச்சு. சீராட்டி வச்சது எந்திரிக்கல" என்றார்.

பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். புதிதாக அறுத்த நெல்லுக்கு ஒரு தூக்கம் உண்டு. அறுவடையில் மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடாமல் இருக்க அந்தத் தூக்கம் வேண்டும். இந்த ரகத்துக்குக் கொஞ்சம் அதிகம். களைகளுக்கு இன்னும் அதிகம், அவற்றை யாரும் காப்பாற்றுவதில்லை அல்லவா, தாங்களே பார்த்து எழுந்தால்தான் உண்டு. காய்ந்த விதை வெதுவெதுப்பான இடத்தில் கிடந்தால் நாளாக நாளாகத் தூக்கம் தெளியும். குளிரில் வைத்தால் விதையின் ஆயுள் நீளும், கூடவே தூக்கமும் நீளும்.

"கெடக்கட்டும்னு விட்டிருந்தா அதுவா முழிச்சிருக்கும். நீங்க தாலாட்டு பாடிட்டீங்க" என்றார். அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளில் மிகக் கடுமையானது அதுதான்.

செண்பகவல்லி என் பக்கம் திரும்பவேயில்லை. "எழுப்ப முடியுமாங்க?" என்று மேடத்தைத்தான் கேட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன மின்சார அடுப்புப் பெட்டி உண்டு. அதில் ஒரு கைப்பிடி நெல்லைச் சூடு ஐம்பதைத் தாண்டாமல் சில நாள் வைத்துப் பிறகு முளைக்கப் போட்டார். அந்தக் கைப்பிடி அத்தனையும் முளை விட்டது. தூக்கம்தான், சாவு இல்லை என்பது நிச்சயமானது. ஆனால் அந்தப் பெட்டியில் இரண்டு இட்லிப் பானைக்கு மேல் இடம் இல்லை. வெளியே வெயில் இல்லை. மருந்துக் கரைசலில் ஊறவைக்கும் வழியும் உண்டு, இருபது மூட்டைக்கு அதை இங்கே கையாள முடியாது என்றார். கார்த்திகை பிறந்துவிட்டது.

நான் யோசித்து ஒரு திட்டம் சொன்னேன். குளிர் அறை இயந்திரத்தின் பின்பக்கம் அனல்காற்று வருமே, மூட்டைகளை அதற்கு எதிரில் அடுக்கினால் என்ன?

மேடம் என்னை உற்றுப் பார்த்தார். "இன்னும் ஏசிய விட மனசு வரலையா உங்களுக்கு?" என்றார். கூட்டுகிற அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது.

அப்புறம்தான் எனக்கு மில் ஞாபகம் வந்தது. நான் மூட்டை தூக்கிய மரைக்காயர் மில். கொதிகலனுக்கு உமி போட்டு எரிக்கும் அடுப்புக்கு மேலே, ஆவி வராத பக்கமாக ஒரு பெரிய பரண். மழைக்காலத்தில் நாங்கள் துணி காயப்போடும் இடம். நல்ல அடைமழையிலும் அங்கே படுத்தால் முதுகு பொரியும். சொன்னேன். மேடம் முதல் தடவையாக நான் பேசும்போது நான் முடிப்பதற்காக அல்ல, கேட்பதற்காகக் காத்திருந்தார். உடனே வெப்பமானியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

செண்பகவல்லிதான் எழுந்து குறுக்கே நின்றுகொண்டாள். "வெதநெல்ல அவிக்கிற மில்லுக்கா? நோயாளிய எழுப்பணும்னு சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்களா?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. இந்தப் பக்கம் விதைநெல்லை நெல் அவிக்கும் மில்லின் வாசல்படி ஏற்றுவது கிடையாது. அவிக்கிற நெல்லும் விதைநெல்லும் ஒரே வண்டியில் வந்தால்கூட மாற்றி ஏற்றுவார்கள். அவள் தெருவில் தெரிந்தால் அந்த விதையை யாரும் கையால் தொடமாட்டார்கள். மேடம் வற்புறுத்தவில்லை. இது உங்கள் நெல், உங்கள் தெரு, நீங்கள் சொல்வதுதான் என்று விட்டுவிட்டார். செண்பகவல்லி வாசலில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தாள். பிறகு இரண்டு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு மூட்டைக்கும் மஞ்சள் துணி கட்ட வேண்டும். பரணில் நெல் இருக்கும்வரை அவளும் அங்கேயே இருப்பாள்.

மரைக்காயர் வயதாகி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் துணி கட்டிய மூட்டைகள் இறங்குவதைப் பார்த்து, "கல்யாண ஊட்டு சீர்வரிச மாதிரி இருக்கே. என் மில்லுக்கு வெதநெல்லு கொண்டாந்த மொத ஆளு நீதாம்பா. அல்லா காப்பாத்தட்டும், ஒன்னைய இல்ல, நெல்ல" என்றார்.

படுதா விரித்து நெல்லை மெல்லிசாகப் பரப்பினோம். இடம் போதாமல் ஒரு சில மூட்டைகளைக் கீழே ஓரமாக வைத்து, முறை வைத்து மாற்றினோம். வெப்பமானி ஐம்பதைத் தாண்டினால் விதை வெந்துவிடும், இறங்கினால் பலன் இல்லை. ஏறினால் உமியைக் குறைக்கச் சொல்ல வேண்டும், இறங்கினால் கூட்டச் சொல்ல வேண்டும். நெல்லைக் காலால் அளைந்து புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏசி அறைக்குச் சாவி வைத்திருந்தவன், கொதிகலன் பரணில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் பொசுங்க நடந்தேன். வேர்வை நெல்லில் விழக்கூடாது என்று தலையில் துண்டு கட்டியிருந்தேன். மேடம் தினமும் வந்து வெப்பமானியைப் பார்ப்பார். என்னையும் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே சூட்டில் இருந்தோம்.

காவல் என் பொறுப்பு. மில் ஆட்களுக்குக் கண்ணில் பட்ட மூட்டையைத் தொட்டியில் கொட்டித்தான் பழக்கம். ஒரு நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய பரண், பழைய சூடு, உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன். செண்பகவல்லி போட்ட சத்தத்தில்தான் விழித்தேன். கீழே வைத்திருந்த மஞ்சள் துணி மூட்டை ஒன்று ஒருவன் முதுகில் ஏறி, ஊறல் தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் அவன் எதிரில் கையை விரித்து நின்றாள். நான் பரணிலிருந்து இறங்கி ஓடி, அவன் இறக்கிய மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன், முட்டையில் கோழி உட்கார்ந்த மாதிரி.

"நெல்லு தூங்குனா எழுப்ப மில்லு இருக்கு. ஒங்கள எழுப்ப எங்கண்ணே போறது?" என்றாள்.

பல நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. திட்டாக இருந்தாலும் அண்ணே என்ற சொல் அதில் இருந்தது.

மேடம் மறுபடி மாதிரி எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஐந்தாம் நாளே முளைப்பு வந்தது. எண்பதுக்கு மேல் இருக்கிறது, கொடுக்கலாம் என்றார். ஆனால் செண்பகவல்லி தாளில் முளைத்ததை நம்பவில்லை. தாள் ஆபீசுக்காரங்க பேச்சைக் கேட்கும், சாக்குதான் உண்மை சொல்லும் என்றாள். தன் பங்கு மூட்டையை முதலில் கொண்டுபோய் வாய்க்காலில் ஊறப்போட்டாள். அது முளைத்தால் தெருவுக்குத் தருவாள், இல்லாவிட்டால் யாரிடமும் சொல்லாமல் கோழிக்குப் போட்டுவிடுவாள். ஊறியதைத் தூக்கித் தண்ணீர் வடித்து, வைக்கோல் மெத்தையில் வைத்து, மேலே ஈரச் சாக்கு மூடி, முளை வருவதற்காக இருட்டுக் கட்டினாள். மறுநாள் காலையில் பிரிக்கும்போது மேடமும் நானும் போனோம். தெருவில் பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள். மில் விஷயம் எப்படியோ அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செண்பகவல்லி சாக்கின் வாயை அவிழ்த்தாள். பிறகு ஒதுங்கிக்கொண்டாள்.

"கைய விடுங்கண்ணே. ஒங்க கைதான் ராசியான கையாச்சே" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பார்க்கப் பயம். நான் முழங்கை வரைக்கும் கையை விட்டேன். முளை கட்டின சாக்குக்குள் கைவிட்டவர்களுக்குத் தெரியும். உயிர் இல்லாத நெல் சில்லென்று சேறு மாதிரி இருக்கும். உயிர் உள்ள நெல்லுக்குக் காய்ச்சல் கண்ட பிள்ளையின் வயிறு மாதிரி ஒரு சூடு.

நான் ஏதோ சொன்னேன்.

"என்ன சொன்னீங்க? கேக்கல" என்றார் மேடம். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது சர்வீஸ் முழுக்க அந்த ஒரு தடவைதான்.

"சுடுதுங்க" என்றேன்.

கையை வெளியே எடுத்தபோது மயிர்க்காலெல்லாம் வெள்ளை முளை ஒட்டியிருந்தது. செண்பகவல்லி என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்குக்குள்ளேயே போட்டாள். ஒன்றைக்கூட என்னிடம் விடவில்லை. அன்று சாயங்காலமே மீதி மூட்டைகள் தெருவுக்குப் போயின. அந்தக் கார்த்திகையில் அவர்கள் வயலில் ஒன்றுகூடத் தரிசு கிடக்கவில்லை.

பயிர் வந்தது. பயிரோடு குதிரைவாலியும் வந்தது. எங்கள் கொட்டகைக் குப்பை மழைத்தண்ணீரோடு வாய்க்காலில் கலந்து போயிருக்கும் என்பது ஊரார் கட்சி. என் பங்கு உண்டு என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். களை எடுக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். செண்பகவல்லி சேற்றில் நின்றபடி ஒரு கைப்பிடிக் குதிரைவாலியை என் காலடியில் எறிந்தாள்.

"அடுத்த தடவ நெல்ல வெளியில போடுங்கண்ணே. இத உள்ள வச்சு ஏசியப் போட்டுப் பூட்டுங்க."

வயலில் நின்றவர்கள் அன்றிலிருந்துதான் என்னை ஏசி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவள் சொன்னதை மேடத்திடம் சொன்னேன். அவர் சிரித்து, உண்மையிலேயே ஒரு பொட்டலம் களைவிதையைக் குளிர் அறையில் வைக்க அனுமதி கொடுத்தார். மாதத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து கொஞ்சம் எடுத்து முளைக்கப் போடுவோம். நான் ஓய்வு பெறும்வரை அதில் பெரும்பாலானவை தூங்கிக்கொண்டுதான் இருந்தன. பழைய அலமாரியை மாற்றும்போது அந்தப் பொட்டலம் அகப்பட்டால், இது எந்த ரகம் என்று திகைக்க வேண்டாம். அது என் ரகம்.

தம்பி, கிடங்கின் பெருமையை எழுதச் சொன்னீர்கள். குளிர் அறை உத்தமமான அறை. ஈரமான கடல்காற்று அடிக்கிற இந்த ஊருக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் வருகிற குறுவையில் செண்பகவல்லி வீட்டு விதைநெல் வரும். இப்போது மகன்தான் பயிர் செய்கிறான் என்றாலும் வண்டியோடு அவளும் வருவாள். அதை இறக்கியதும் புதுக் கதவைத் திறந்து காட்ட உங்கள் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. வேண்டாம். முதலில் வெளியே, காய்ந்த இடத்தில், கதகதப்பாகக் கொஞ்ச நாள் கிடக்கட்டும். முளைப்புப் பார்த்து, விழித்துக்கொண்டது என்று தெரிந்த பிறகு உள்ளே வையுங்கள்.

யார் சொன்னது என்று அவள் கேட்டால் மேடம் சொன்னதாகச் சொல்லுங்கள். என் பெயரைச் சொன்னால் மூட்டையைத் திருப்பி வண்டியில் ஏற்றிவிடுவாள்.